விண்ணப்பப் பாரத்தில் நிரப்பும் ‘இனம்’ மரபணுவில் உண்டா?

மலேசியப் பாரங்களில் நாம் குறிக்கும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்னும் பிரிவுகளுக்கு மரபணு அடிப்படை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டவட்டமான உயிரியல் பிரிவுகள் என்ற பொருளில் இல்லை. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்குழுவுக்குள்ளேயே காணப்படுவதையும், ‘இனங்களுக்கு’ இடையே சுமார் 6 விழுக்காடே இருப்பதையும் அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் மூதாதையர் வழி மெய்யானது. பல மரபணுக் கூறுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் முன்னோர் வாழ்ந்த வட்டாரத்தைப் பெரும்பாலும் கணிக்கலாம் (லெவொன்டினை மேற்கோள் காட்டுவோர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்). ஆனால் இத்தகைய கூறுகள் ‘இன’ எல்லைகளோடு பொருந்துவதில்லை: மலேரியா பரவியிருந்த நிலங்களில் நிலைபெற்ற அரிவாள் செல் மரபணு (இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக்கக்கூடியது) ஆப்பிரிக்காவிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. பினாங்கின் ஜாவி பெரானாக்கான் குடும்பங்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மலாய்ப் பெண்களும் முன்னோராக இருக்க, அவர்கள் வழிவந்த பிள்ளை எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்பதை வழக்கமும் நிர்வாகமுமே முடிவு செய்கின்றன.