ஜெய்சல்மேர் கோட்டைக்குள் தங்கலாமா?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ராஜஸ்தான் போகிறோம். ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே ஒரு ஹோட்டலில் அறை பார்த்து வைத்திருக்கிறேன். போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் அம்மா. கோட்டைக்கு வெளியே, கீழே ஊருக்குள் தங்குங்கள். ஆசை புரிகிறது. 1156-ல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை, இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கல்யாணம் நடந்த வீட்டுச் சுவரில் பிள்ளையார் படம் வரைந்து மணமக்கள் பெயரையும் தேதியையும் எழுதி வைத்திருப்பார்கள், அந்தச் சந்துகளில் நடப்பதே தனி சுகம்.

ஆனால் அதன் எமனே தண்ணீர்தான். பாலைவனத்தில் கட்டிய கோட்டை அது. கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்துவந்து, சொட்டுச் சொட்டாகச் செலவழித்து வாழ்ந்த இடம். அப்புறம் குழாய் வந்தது, ஹோட்டல்கள் வந்தன, அறைக்கு அறை ஷவரும் ஃபிளஷ் டாய்லெட்டும் வந்தன. அவ்வளவு கழிவுநீரும் வெளியேறச் சரியான வடிகால் இல்லாமல் குன்றுக்குள்ளேயே இறங்கியது. அடியில் இருக்கும் களிமண் ஊறி இளகினால் மேலே இருக்கும் சுவர் எப்படி நிற்கும்? கொத்தளங்களே சரிந்து விழுந்திருக்கின்றன. ஆபத்தில் இருக்கும் நினைவுச்சின்னங்களின் பட்டியலில் உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-லேயே இதைச் சேர்த்துவிட்டது. 2013-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது, சந்தோஷம்தான், ஆனால் பட்டயம் வடிகாலைச் சரிசெய்யாது.

உள்ளே இருப்பவர்கள் பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. பகலில் போங்கள், சமணக் கோயில்களை நிதானமாகப் பாருங்கள், டீயும் சாப்பாடும் துணிமணியும் அங்கேயே வாங்குங்கள். குளியலை மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். பழைய வணிகர் குடும்பத்து மாளிகையான பட்வா ஹவேலியும் கீழேதான் இருக்கிறது.

கேள்வி: ராஜாக்களின் அரண்மனைகளை ஹோட்டலாக்கியது சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பூட்டிப்போட்டு வௌவால் அடைவதற்கு இது எவ்வளவோ மேல். உதய்பூர் ஏரி அரண்மனை 1963-லேயே ஹோட்டலாகிவிட்டது. 1971-ல் மன்னர் மானியம் நின்ற பிறகு பலருக்கு வேறு வழியும் இல்லை. என் வருத்தமெல்லாம், அறை வாடகை கொடுக்க முடியாதவர்கள் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருப்பதுதான். ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனை, பஞ்சத்தில் தவித்த ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று 1929-ல் தொடங்கி 1943 வரை கட்டியது. அங்கே ஒரு பகுதியையாவது அருங்காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதே ஊர் மெஹ்ரான்கர் கோட்டை 1972 முதல் அறக்கட்டளை வசம் இருக்கிறது, டிக்கெட் வாங்கினால் பல்லக்கு, யானை அம்பாரி, இளவரசர்களின் தொட்டில் எல்லாவற்றையும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.