அம்மாவுக்கு ‘முழு டிஜிட்டல்’ பல்செட்: பணம் கட்டலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. வாயில் ஒரு பல்கூட இல்லை. மேல் செட் நன்றாக நிற்கிறது, கீழ்ச் செட் பேசும்போதே எழும்பி வருகிறது. இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து ‘முழு டிஜிட்டல்’ முறையில் செட் செய்யலாம், ஆயுள் வாரண்டி உண்டு என்கிறது ஒரு கிளினிக். அவருக்குச் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் உண்டு. முன்பணம் கட்டலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் அம்மாவின் மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருடத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட்டோ எடுத்திருந்தால் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாகத்தான் என்றாலும், அறுவைக்குப் பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு மூன்று மாத சராசரி டெஸ்டும் பார்த்துவிடுங்கள்.

கீழ்ச் செட் ஆடுவது சகஜம். அதற்குப் பிடிமானம் குறைவு, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, சட்டையின் பிரஸ் பட்டன்போல ‘டிக்’கென்று மாட்டும் செட் போதும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களே சொல்லிவிட்டார்கள். கழற்றிக் கழுவலாம் என்பதால், நாளைக்கு அம்மாவுக்குக் கை நடுங்கினாலும் வீட்டில் யாராவது சுத்தம் செய்துவிடலாம். கழற்ற முடியாத செட்டை விற்கப் பார்த்தால் இதைத்தான் கேளுங்கள்: “யார் தேய்த்துவிடுவது?”

சரி, டிஜிட்டல் என்றால் என்ன? முப்பரிமாண ஸ்கேனில் எலும்பையும் நரம்பையும் பார்த்து, எங்கே துளையிடுவது என்று காட்ட வாயில் பொருத்தும் கைடை அச்சிடுவது. இதற்குப் பணம் கொடுக்கலாம், நியாயம். செட்டை இயந்திரத்தில் கடைந்தால், அதன் கம்ப்யூட்டர் ஃபைல் பத்திரமாக இருக்கும்வரை, உடைந்தாலும் தொலைந்தாலும் அதே அளவில் இன்னொன்று எடுக்கலாம். வயதானவர்கள் செட்டை டிஷ்யூவில் சுற்றி வைத்துக் குப்பையில் போட்டுவிடுவது உங்களுக்கே தெரியும்! அதனால் ஃபைலின் நகல் உங்களுக்கும் வேண்டும் என்று இப்போதே கேட்டுவையுங்கள். ஆனால் பல்லே இல்லாத வாயில், செட்டுக்கு அளவெடுக்கும் ஸ்கேனருக்குப் பிடித்துக்கொள்ள அடையாளம் குறைவு, அசையும் ஈறும் அளவைக் குழப்பும். டாக்டர் பழையபடி மாவு வைத்து அளவெடுத்தால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

‘ஆயுள் வாரண்டி’ பெரும்பாலும் எலும்புக்குள் போகும் டைட்டானியம் திருகுக்கு மட்டுமே. மேலே மாட்டும் செட்டும், அதனுள் இருக்கும் நைலான் வளையமும் அதில் வராது. அந்த வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்ற எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். திருகு எலும்போடு சேர மூன்று நான்கு மாதம் ஆகலாம். எனவே முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள், கட்டம் கட்டமாகக் கொடுங்கள். இம்ப்ளாண்ட் டப்பாவில் கம்பெனி பெயரும் லாட் நம்பரும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதை பில்லோடு ஒட்டி வாங்குங்கள். வேறு ஊரில் பழுது பார்க்க நேர்ந்தால் அது இல்லாமல் டாக்டர் திண்டாடுவார். தகராறு என்று வந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.