அலாஸ்காவின் மஞ்சள் சிடார்: கேட்டீர்கள், சொல்கிறேன்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர மழைக்காட்டு மரமான மஞ்சள் சிடார் பற்றி வந்த கேள்விகள்.

கயல்: பார்க்க சைப்ரஸ் மாதிரியே இருக்கே சார், சிடார்னு ஏன் சொல்றாங்க?
சைப்ரஸ் குடும்பம்தான். சிடார் என்பது வழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர், விடுங்கள்.

செந்தில்: அதே காட்டில் சிவப்பு சிடாரும் இருக்கிறதாமே. எப்படிப் பிரித்தறிவது?
காயைப் பாருங்கள். மஞ்சளில் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய உருண்டை, செதிலுக்கு ஒரு கூர்முனை. சிவப்பில் காய் நீண்டிருக்கும். மஞ்சள் சிடாரின் இலைக்கொத்தை நுனியிலிருந்து கீழ்நோக்கி உருவினால் விரலில் குத்தும். மரத்தை வெட்டினால் வேகாத உருளைக்கிழங்கு வாசனை!

பிரபா அக்கா: பூமி சூடாவதால் இது குளிரில் சாகிறது என்று படித்தேன். தலைகீழாக இருக்கிறதே?
சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இந்த மரம் ஈரம் தேங்கும் மண்ணிலும் பிழைக்கும். ஆனால் அங்கே அதன் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே பரவும். அவற்றுக்குப் பனிதான் போர்வை. இப்போது தாழ்வான இடங்களில் பனிக்குப் பதில் மழை பெய்கிறது. குளிர்காலக் கடைசியில் மரம் குளிர்தாங்கும் சக்தியைத் தளர்த்தியிருக்கும் நேரத்தில் திடீரென உறைகுளிர் வந்தால், மூடாத வேர் கருகிவிடும். பூஞ்சை, பூச்சி என்று பல வருடம் சந்தேகப்பட்ட பிறகுதான், பால் ஹென்னன் முதலான ஆய்வாளர்கள் இதை நிறுவினார்கள். அலாஸ்காவில் மட்டும் 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாதிப்பு. கட்டை எளிதில் உளுத்துப்போகாததால், செத்த மரம் 80 வருடம்கூட வெளுத்துப்போய் நிற்கும்.

அருண்: அப்போ அழிந்தே போய்விடுமா?
அவ்வளவு தூரம் போகவேண்டாம். பனி நிலைக்கும் உயரங்களில் நன்றாகவே இருக்கிறது. அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கக் கோரி 2014இல் மனு போட்டார்கள். 2019இல் அமெரிக்க அரசு மறுத்துவிட்டது. தாழ்நிலக் காடுகளைப் பார்த்தால் அந்த மறுப்பு எனக்கு ஒப்பவில்லை.

மீனா: பழங்குடி மக்கள் இதை என்ன செய்வார்கள்?
அலாஸ்காவின் லிங்கிட் மக்கள் சடங்குகளில் போர்த்தும் சில்கட் போர்வையில் மலையாட்டு ரோமத்தோடு இதன் உள்பட்டையும் திரிக்கப்படுகிறது. பட்டையை ஒரு பக்கம் மட்டும் உரிப்பார்கள். மரம் தொடர்ந்து வாழும். துடுப்புக்கும் இந்தக் கட்டைதான்.

ராஜன்: நீலகிரியில் நட்டிருக்கும் சைப்ரஸும் இதுவும் ஒன்றா?
இல்லை. நீங்கள் பார்த்தது கலிபோர்னியாவின் மான்டரே சைப்ரஸாக இருக்கலாம். ஆனால் அதற்கும் மஞ்சள் சிடாருக்கும் 1888இல் வேல்ஸ் தோட்டமொன்றில் தற்செயலாகக் கலப்பு நடந்தது. அதுதான் இங்கிலாந்தில் வேலியாக நட்டு, கிடுகிடுவென உயர்ந்து அண்டைவீட்டாருக்குள் சண்டை மூட்டுவதில் பேர்போன லேலண்ட் சைப்ரஸ்.