சீமைத்துத்தி பட்டுப்போய்விட்டதா?

கேள்வி: தொட்டியில் இருந்த சீமைத்துத்தி (மார்ஷ்மாலோ என்ற மூலிகைச் செடி) குளிரில் காய்ந்து குச்சியாக நிற்கிறது. பிடுங்கிவிடலாமா? புதிதாகப் போட்ட விதையும் முளைக்கவில்லை.
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: பிடுங்காதீர்கள்! குளிர்காலத்தில் தண்டு மடிவது இதன் இயல்பு. வேர் பல ஆண்டு வாழும். மண்ணை லேசாக விலக்கி வேரைக் கீறிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்றிருந்தால் அழுகல்தான், இலையில்லாத நாட்களில் தண்ணீர் அதிகமாகியிருக்கும். காய்ந்த தண்டை 2 அங்குலம் விட்டு வெட்டி, மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி மட்கிய தொழு உரம் போடுங்கள். துளிர் வந்தபின் மண் காயவே கூடாது, இது ஈரநிலத்துச் செடி.

விதைக்குக் குளிர்ச்சி தேவை. ஈர மணலில் கலந்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 வாரம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். பிறகு அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். எல்லாம் ஒன்றாக முளைக்காது, பொறுத்திருங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், நான்கு இலை விட்டதுமே 14 அங்குல ஆழத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். தில்லியின் மே மாத அனல்காற்றுக்கு முன் வேர் பிடிப்பது முக்கியம். அப்போது பிற்பகல் நிழலும் கொடுங்கள்.

இலையின் அடிப்பக்கத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல.