பிரெஞ்சு வினைகள்: எழுத்தில் ஆறு, காதில் மூன்று

கேள்வி: 'பார்லே' (பேசுதல்) என்ற வினைக்கு ஆறு வடிவம் எழுதச் சொல்கிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டால் பாதிக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கிறது. கூடப் படிக்கும் மலையாளத் தோழிக்கு இன்னும் குழப்பம்.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தோழியின் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. மலையாளத்தில் 'ஞான் வந்நு', 'அவன் வந்நு'. ஆள் மாறினாலும் வினை மாறாது. நமக்கு வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று பழகிவிட்டது. பிரெஞ்சு இந்த விஷயத்தில் நம் கட்சி.

வினையின் கடைசி இ, ஆர் (e, r) எழுத்துகளை வெட்டுங்கள், 'பார்ல்' மிஞ்சும். அதில் ழெ (நான்) வந்தால் இ, த்யூ (நீ) வந்தால் இ-எஸ், இல் அல்லது எல் (அவன், அவள்) வந்தால் இ, நூ (நாங்கள்) வந்தால் ஓ-என்-எஸ், வூ (நீங்கள்) வந்தால் இ-இசட், பன்மை இல், எல் (அவர்கள்) வந்தால் இ-என்-ட்டி ஒட்டும். இவற்றில் காதுக்குக் கேட்பவை இரண்டே விகுதிகள்: நூ பார்லோன், வூ பார்லே. முன்னதில் 'ன்' மூக்கோடு நிற்கும், நாக்கு மேலே ஒட்டாது. மற்ற நான்கும் வெறும் 'பார்ல்'. 'இ-என்-ட்டி'யைப் பார்த்ததும் 'பார்லென்ட்' என்று வாசிப்பதுதான் புதியவர்களிடம் அதிகம் கேட்கும் பிழை.

தமிழர்கள் சறுக்கும் இடம் வேறு. 'வந்தேன்' என்றாலே 'நான்' அதில் அடங்கிவிடுவதால் பிரெஞ்சிலும் எழுவாயை விழுங்கிவிடுகிறோம். வெறும் 'பார்ல்' என்றால் 'பேசு' என்ற ஏவல் ஆகிவிடும். எனவே வினையைத் தனியாக உருப்போடாமல் 'ழெ பார்ல், த்யூ பார்ல்' என்று எழுவாயோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லுங்கள். ('ழெ'யில் நம் ழகரம் இல்லை, 'ஷ' சொல்லும்போதே தொண்டையை அதிரவிட்டால் வரும் ஒலி.)

இ-ஆரில் முடியும் வினைகளில் பெரும்பாலானவை இதே வழிதான். இருத்தல், உடைத்தாயிருத்தல், போதல், செய்தல் ஆகிய நான்கும் அடங்காதவை. அவற்றை மனப்பாடம் செய்வது தவிர வேறு வழியில்லை.

கேள்வி: 'ழெ எம்' (நான் நேசிக்கிறேன்) 'ழெம்' ஆகிறது. 'த்யூ எம்' மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?
- வாசகர், நகரி

பதில்: வீடு + இல்லை = வீடில்லை. உயிர் வந்தால் முன்னிருக்கும் குற்றியலுகரம் விலகுகிறது அல்லவா, அதே வேலைதான். ஆனால் நாம் 'வீடு இல்லை' என்று பிரித்தும் எழுதலாம். பிரெஞ்சில் அந்தச் சலுகை கிடையாது. விழுந்த எழுத்தின் இடத்தில் மேற்கோள் போன்ற சிறு குறியும் கட்டாயம்.

விழுவது சில குட்டிச் சொற்களின் ஈற்று 'இ'தான்: ழெ, மெ, தெ, செ, லெ, தெ (உடைய), நெ, கெ. இவற்றோடு 'லா'வின் ஈற்று 'ஏ'யும் (லெ, லா, பன்மையில் லே ஆகியவை ஆங்கில 'the' போன்றவை): லா + எக்கோல் (பள்ளி) = லெக்கோல். 'த்யூ'வின் ஈற்றில் இருப்பது 'யு' எழுத்து; எழுத்து வழக்கில் அது விழாது. 'ஸி' (ஆல் என்னும் நிபந்தனை) 'இல்'லுக்கு முன் மட்டும் சுருங்கி 'ஸில்' ஆகும். 'ஸி எல்' மாறாது.

எதிர்மறையில் கவனம். 'ழெ நெம் பா' (நான் நேசிக்கவில்லை) என்பதில் உயிரை ஒட்டி நிற்பது 'நெ', அதனால் அதுதான் சுருங்கும். 'ழெ' முழுதாக இருக்கும்.

எச் எழுத்து எப்போதும் ஊமை. ஆனாலும் இரண்டு சாதி. 'லோம்' (மனிதன்) சுருங்கும். 'லெ எரோ' (வீரன்) சுருங்காது. பன்மையில் 'லே எரோ'வை இணைத்துச் சொன்னால் 'லே ஸேரோ', அதாவது வீரர்கள் எல்லாம் பூஜ்யங்களாகிவிடுவார்கள்! வேடிக்கை என்னவென்றால் வீராங்கனைக்கு 'லெரோயீன்' என்று சுருங்கும். பல அகராதிகளில் சுருங்காத எச்சுக்கு நட்சத்திரக் குறி இருக்கும். சொல்லைக் குறித்துக்கொள்ளும்போதே அதையும் குறித்துவிடுங்கள்.

கேள்வி: 'பார்ல் தில்?' (அவன் பேசுகிறானா?) என்பதில் நடுவே 'ட்டி' எங்கிருந்து வந்தது?
- அதே வாசகர்

பதில்: நம் உடம்படுமெய் போலத்தான். வினை எழுத்தில் 'இ' அல்லது 'ஏ'யில் முடிந்து, பின்னால் இல், எல், ஓன் (ஒருவர்) வந்தால் இடையில் ஒரு 'ட்டி', இரு பக்கமும் சிறு கோடு. வினையே 'ட்டி'யிலோ 'டி'யிலோ முடிந்தால் தேவையில்லை.