எழுத மறுக்கும் கேம் பாய் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக, பெயரில்லாத ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் (அழித்து எழுதக்கூடிய விளையாட்டுப் பெட்டி) ஒன்றை வாங்கினேன். உள்ளே இருந்த விளையாட்டை ரீடர் (கணினியிலிருந்து கார்ட்ரிட்ஜைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) ஒழுங்காகப் படிக்கிறது. நான் உருவாக்கிய விளையாட்டை எழுதப் போனால் சிப்பை அடையாளம் தெரியவில்லை என்கிறது. சிப் போய்விட்டதா?

பதில்: படிப்பது பிசகாமல் நடக்கிறதென்றால் சிப் போயிருக்க வாய்ப்பு குறைவு, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இவ்வகை ஃபிளாஷ் சிப், ஏஏ, 55 என்ற இரு மதிப்புகள் (பதினாறடிமான எண்கள்) குறிப்பிட்ட முகவரிகளுக்கு வரிசையாக வந்தால்தான் அடுத்த கட்டளைக்குச் செவிசாய்க்கும். மலிவான பலகைகள் பலவற்றில் டி0, டி1 என்னும் இரண்டு தரவுக் கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் விளையாட்டை எழுதும்போதே அந்த மாற்றத்தைக் கணக்கில் கொண்டுவிடுவதால், படிக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. கட்டளை அனுப்பும்போதுதான் குட்டு வெளிப்படும். ஏஏ என்பது இரும எண்ணில் 10101010. கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறினால் அது 10101001, அதாவது ஏ9 ஆகிவிடும். அவ்வாறே 55 என்பது 56 ஆகும். ஆகவே நாம் ஏ9, 56 என்று அனுப்பினால்தான் சிப்புக்கு ஏஏ, 55 என்று போய்ச் சேரும். அடையாளம் கேட்கும் 90, அழிக்கும் 80, எழுதும் ஏ0 ஆகியவற்றின் கடைசி இரண்டு இலக்கங்களும் பூஜ்யம் என்பதால் அவற்றுக்கு மாற்றம் தேவையில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் விளிம்பிலுள்ள 32 பின்களில் 31ஆவது, கார்ட்ரிட்ஜிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவருவதற்காக வைக்கப்பட்டது. விளையாட்டுகள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்பதால், சில பலகைகளில் அதையே ஃபிளாஷுக்கு எழுதும் கம்பியாக வைத்துவிட்டார்கள். மற்றவற்றில் வழக்கமான 3ஆவது பின்தான். ஊகிக்க வேண்டாம், மல்ட்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, சிப்பின் டபிள்யூ.ஈ. (எழுத அனுமதிக்கும்) காலிலிருந்து இந்த இரண்டு பின்களையும் தொட்டுப் பாருங்கள். எது பீப் சத்தம் தருகிறதோ, அதை மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். சிப்பின் டி0 கால் 22ஆவது பின்னுக்குப் போகாமல் 23ஆவதுக்குப் போனால் இடமாற்றமும் உறுதி.

உவரியிலிருந்து: பழைய கேம் பாயில் இந்த கார்ட்ரிட்ஜைப் போட்டால் தொடக்கத்தில் வரும் நின்டெண்டோ பெயர்ச் சின்னத்துக்குப் பதிலாகக் கறுப்புப் பட்டை இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது.

பதில்: கேம் பாய்க்குள் இருக்கும் 256 பைட் தொடக்க நிரல், சின்னத்தை கார்ட்ரிட்ஜின் 0104ஆம் முகவரியிலிருந்து 48 பைட்டுகளாகப் படித்துத் திரையில் வரைகிறது. தொடர்பு கிடைக்காவிட்டால் எல்லா இலக்கங்களும் ஒன்றாகவே படிக்கப்படும். அதுதான் கறுப்புப் பட்டை. கடலோரத்து உப்புக் காற்றில் பின்கள் மங்கிப்போவது சகஜம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பொன்முலாம் உரிந்துவிடும். ஆனால் அழித்த ஃபிளாஷிலும் எல்லா இலக்கங்களும் ஒன்றுதான் என்பதால், எழுதுவது தோற்று வெறுமையாகக் கிடக்கும் சிப்பும் இதே பட்டையைக் காட்டும். வேறொரு கார்ட்ரிட்ஜ் ஓடினால் கன்சோலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

தென்காசியிலிருந்து: சேமித்த ஆட்டம் மறுநாள் காணாமல் போகிறது.

பதில்: கார்ட்ரிட்ஜுக்குள் சேமிப்பைக் காக்கும் பட்டன் பேட்டரியை அளந்து பாருங்கள், 3 வோல்ட்டிலிருந்து வெகுவாக இறங்கியிருந்தால் மாற்றுங்கள். தகடு ஒட்டிய பேட்டரியையே வாங்குங்கள், பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைப்பது ஆபத்து.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மெமரி கார்டு வகை கார்ட்ரிட்ஜ் போட்டால் நடுவில் அணைந்து அணைந்து வருகிறது. ரீசார்ஜ் பேட்டரி போட்டிருக்கிறேன்.

பதில்: நான்கு ரீசார்ஜ் பேட்டரிகள் சேர்ந்து 4.8 வோல்ட்தான், சாதாரண பேட்டரிகள் 6 வோல்ட். இவ்வகை கார்ட்ரிட்ஜ் மின்சாரமும் அதிகம் இழுக்கும். புதிய அல்கலைன் பேட்டரியிலும் அணைந்தால், கன்சோலின் பவர் சுவிட்சைச் சுத்தம் செய்யுங்கள். அதன் உள்தகடு கறுத்தாலும் வோல்டேஜ் இறங்கும்.

வள்ளியூரிலிருந்து: கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜையும் இதே ரீடரில் எழுதலாமா?

பதில்: ரீடரில் வோல்டேஜ் மாற்றும் வசதி இருந்தால் எழுதலாம். பழையது 5 வோல்ட், அட்வான்ஸ் 3.3 வோல்ட், மாற்றிச் செருகினால் சிப் கருகிவிடக்கூடும். எனவே செருகுவதற்கு முன், ரீடரின் 1ஆவது பின்னுக்கும் 32ஆவது பின்னுக்கும் இடையே மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்.