தாத்தா காகிதத்தில் ‘ஷியாலி’ என்று இருக்கிறது. அது எந்த ஊர்?

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “1930-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா வந்தவர் என் தாத்தா. அவருடைய பழைய காகிதம் ஒன்றில், ஆங்கிலத்தில், நெம்மேலி, ஷியாலி தாலுகா, டான்ஜூர் ஜில்லா என்று எழுதியிருக்கிறது. நெம்மேலி என்று தேடினால் சென்னைக்குப் பக்கத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான் வருகிறது. ஷியாலி என்று தமிழ்நாட்டில் ஓர் ஊரே இல்லை போலிருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயில்தான் எங்கள் குலதெய்வம், மாட்டுவண்டி கட்டிப் போய் அன்று இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம் என்று பாட்டி சொல்வார். இனி ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?”

முடியும். பாதி வேலையை உங்கள் பாட்டியே முடித்து வைத்திருக்கிறார்.

நெம்மேலியை விட்டுவிட்டு முதலில் ஷியாலியைப் பிடிப்போம். ஊர்ப் பெயரை வைத்துத் தேட ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும். தாலுகாவுக்கு அப்படி இருப்பது அபூர்வம். ஷியாலி என்பது வேறொன்றும் இல்லை, சீர்காழிதான். சீகாழி என்றும் எழுதுவார்கள். வேகமாகச் சொல்லும்போது நடுவில் உள்ள ‘கா’ கரைந்து ‘சீயாழி’ ஆகிவிடும். ழகரத்துக்கு வெள்ளைக்காரர்களிடம் எழுத்து இல்லாததால் ‘ல’ போட்டார்கள். சோழவந்தானை ஷோலவந்தான் ஆக்கியதைப் போல இங்கே சகரமும் ஷகரம் ஆனது. ரயில்வேயும் கோர்ட்டும் வெகுகாலம் இதே பெயரைத்தான் புழங்கின.

அடுத்து ஜில்லா. டான்ஜூர் என்றால் தஞ்சாவூர். ஆனால் இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் தேடினால் சீர்காழி கிடைக்காது. 1991-இல் தஞ்சையைப் பிரித்தபோது அது நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்துகொண்டது. உங்கள் தாத்தா ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மேலே உள்ள பலகையைத்தான் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள்.

சரி, இப்போது நெம்மேலிக்கு வருவோம். சீர்காழிப் பக்கம் நிம்மேலி என்று ஓர் ஊர் இருக்கிறது. பேச்சில் இகரமும் எகரமும் இடம் மாறுவது நமக்குச் சகஜம். இடத்தை எடம் என்கிறோம், நிலத்தை நெலம் என்கிறோம். கப்பல் ஏறும் இடத்தில் குமாஸ்தா கேட்டிருப்பார், தாத்தா வாயால் சொல்லியிருப்பார், காதில் விழுந்ததை அவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எனவே காகிதத்தில் உள்ள எழுத்துகளை அப்படியே தேடாதீர்கள். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எ வரும் இடத்தில் இ, ல வரும் இடத்தில் ழ அல்லது ள என்று மாற்றிப் போட்டுத் தேடுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்தில் நென்மேலி என்றே ஒன்று இருக்கிறது. அதற்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெயரை மட்டும் நம்பி, பக்கத்து மாவட்டத்து ஊர் ஒன்றில் இரண்டு நாள் வீடு வீடாகக் கதவைத் தட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

பாட்டியின் பேச்சில் இரண்டு துப்புகள் இருக்கின்றன. குலதெய்வம் பொதுவாக நல்ல துப்புதான், ஆனால் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நான் அதிக மதிப்பெண் தரமாட்டேன். எங்கெங்கோ இருக்கும் குடும்பங்கள் அவரைக் குலதெய்வம் என்று சொல்கின்றன. எல்லையில் உள்ள ஓர் அய்யனாரோ பேச்சியம்மனோ என்றால் கதை வேறு. ஆனால் ‘இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்’ என்றது தங்கம். மாட்டுவண்டி மணிக்கு மூன்று நாலு கிலோமீட்டர் போகும். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவே மொட்டை, சாப்பாடு. கூட்டிக் கழித்தால், ஊர் கோயிலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வரைபடத்தில் கோயிலை நடுவாக வைத்து ஒரு வட்டம் போட்டு, நிம்மேலி அதற்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

இதை உறுதிசெய்ய, தமிழக அரசின் பட்டா, சிட்டா தளத்தில் மயிலாடுதுறை, சீர்காழி என்று தேர்ந்தெடுங்கள். கிராமப் பட்டியல் விரிந்தாலே போதும். அதில் வருவதெல்லாம் வருவாய்க் கிராமங்கள். குக்கிராமமோ, ஒரு தெருவின் பெயரோ அதில் வராது. அது தாய்க் கிராமத்துக்குள் அடங்கிக் கிடக்கும். அதற்கு 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளைப் புரட்டலாம். 1950-களின் அமெரிக்க ராணுவ வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக வைத்திருக்கிறது. அளவு சிறியதுதான், இருந்தாலும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் அதில் அப்படியே இருக்கும்.

ஊரே அழிந்துபோயிருந்தால் தேடும் வழி மாறும். பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குள் போன தணாயக்கன்கோட்டையைப் போல, நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊர்களைப் போல. அங்கே நிலம் கையகப்படுத்திய ஆவணங்களைத்தான் தேட வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

அப்புறம், ஊருக்குப் போனால் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரிக்காதீர்கள். தெருவுக்கு நாலு கோவிந்தசாமி இருப்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, “இங்கே பினாங்குக்காரர் வீடு, மலாயாக்காரர் வீடு எதுவும் உண்டா?” என்று கேளுங்கள். கடல் கடந்து போனவர் குடும்பத்துக்கு அந்தப் பெயர் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தாத்தாவுக்கு நிலம் இருந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழைய அட்டவணையைத் தேடச் சொல்லலாம். ஊர்ப் பெயரை வைத்துத் தேட ஒன்று, ஆள் பெயரை வைத்துத் தேட ஒன்று என்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். இரண்டையும் கேளுங்கள்.

காகிதத்தின் முன்பக்கத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் முத்திரை ஏதாவது விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதையும் படம் எடுத்து அனுப்புங்கள்.